ஓட்டுறது ஆர், திறக்கிறது ஆர்?

எங்கட ஊரில் தையல் மெசின் இருக்கிற வீடுகளில் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. ஓட்டுறது பெண், திறக்கிறது ஆண். ஒரு பெண் அந்த மெசினுக்கு முன்னால் பத்து வருசம் இருந்து தைத்திருந்தாலும், அதன் மூடியைக் கழற்றிப் பார்ப்பதற்கு எங்கிருந்தோ ஒரு அண்ணை மோட்டார் சைக்கிளில் வரவேணும். அவர் வரும்வரைக்கும் மெசின் நிற்கும். மெசின் நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் அந்த வீட்டுக்கு வருகிற காசும் நிற்கும்.

வீட்டு ஓவர்லொக் மெசினை எப்படிப் பாவிப்பது, எப்படிப் பராமரிப்பது என்று நானும் அம்மாவும் பழகியதை எழுதத்தான் இதைத் தொடங்கினேன். ஆனால் அந்தச் சட்டத்தைத் தொடாமல் இதை எழுத ஏலாது. நீங்கள் தைக்கிற ஆளாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கட வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நிச்சயம் ஒருவர் இருப்பார்.

முதலில் இது என்ன மெசின் என்று பார்ப்போம். இப்ப நீங்கள் போட்டிருக்கிற ரீசேட்டின் பக்கத் தையலை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். துணியின் ஓரத்தைச் சுற்றி நூல்கள் பின்னல் மாதிரி ஓடும். அதுதான் ஓவர்லொக். சாதாரண மெசினில் மேலே ஊசி நூல், கீழே பொபின் நூல். ஓவர்லொக்கில் பொபினே கிடையாது. அந்த இடத்தில் லூப்பர் என்று இரண்டு வளைந்த கைகள் இருக்கும். கீழ் லூப்பர் நூலைத் துணிக்கு அடியால் கொண்டு வரும். மேல் லூப்பர் அதோடு கோர்த்துக்கொண்டு ஓரத்தைச் சுற்றி மேலே ஏறும். ஊசி நூல் இரண்டையும் பிடித்துக் கட்டும். இதெல்லாம் நடக்க முதலே பக்கத்தில் ஒரு கத்தி ஓரத்தில் மிஞ்சின துணியை வெட்டித் தள்ளிவிடும். வெட்டுறது, சுற்றுறது, தைக்கிறது மூன்றும் ஒரே ஓட்டத்தில். வீட்டு மெசின்கள் நிமிசத்துக்கு 1300 முதல் 1500 தையல் வரை போடும்.

இதைச் செய்தவர்கள் ஒரு ஆலைக்காரர்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் என்ற இடத்தில் பின்னலாடை ஆலை வைத்திருந்த மெரோ குடும்பத்து அப்பாவும் மகனும், தங்கட ஆலைக்கென்று 1880களில் இதை உருவாக்கினார்கள். வீட்டு மேசையில் வைக்கிற அளவுக்கு அது சின்னதாகி வந்தது 1960களில், ஜப்பானில். ஆலையில் மெசினைத் திருத்துவதற்கென்று தனியாக ஆள் இருப்பார். வீட்டில் அப்படி ஒருவர் இருக்கமாட்டார் என்று வீட்டு மெசினைச் செய்தவர்களுக்குத் தெரியும். இதற்கு ஆதாரம் மெசினோடு வருகிற சின்னப் பெட்டி. அதைப் பற்றிப் பிறகு சொல்லுறன்.

போருக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் வாழ்வாதார உதவி என்றால் ஞாபகத்துக்கு வருவது மூன்று: கோழி, ஆடு, தையல் மெசின். நாங்கள் 2010 இல் கிளிநொச்சியில் மீளக் குடியேறினபோது அம்மாவுக்குக் கிடைத்தது மூன்றாவது. காலால் மிதிக்கிற மெசின். அம்மாவுக்கு முதலே தையல் தெரியும் என்றபடியால் அடுத்த மாதமே சட்டை தைக்கத் தொடங்கிட்டா. ஆனால் வாறவை எல்லாரும் தைத்ததை உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “ஓவர்லொக் அடிக்கேல்லையோ?” ஓவர்லொக் அடிக்காத சட்டை நாலு தோய்ச்சலோடு ஓரம் பிரிந்து நூல் நூலாக வரும். அதனால் அம்மா தைத்த உடுப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு ரவுணில் ஒரு கடைக்குப் போய், ஒவ்வொன்றுக்கும் காசு குடுத்து அடிச்சுக்கொண்டு வருவா. பஸ் காசையும் அந்தக் காசையும் கழித்தால் கையில் நிற்கிறது கொஞ்சம்தான். உதவி குடுத்தவர்கள் மெசின் குடுத்தார்கள், அது உண்மை. ஆனால் உடுப்பு முடிகிற இடம் இன்னொருவரின் கடையில் இருந்தது.

அம்மா சீட்டுப் பிடித்து, சீட்டுக்காசில் ஒரு இரண்டாம் கை ஓவர்லொக் மெசின் வாங்கினா. அதற்குப் பிறகு கணக்கு தலைகீழாக மாறியது. அயலில் தைக்கிற அக்காமார், மாமிமார் எல்லாம் தங்கட துணிகளை எங்கட வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற காலத்தில் விறாந்தை முழுக்க வெள்ளைத் துணி. அந்த மெசினின் காசில்தான் என்ர ரியூசன் காசு போனது. இப்ப யாழ்ப்பாணத்தில் நான் இருக்கிற போர்டிங் காசும் பெரும்பாலும் அதில்தான் போகிறது. அது ஒரு கிழமை நின்றால் எங்கட வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கு நல்லாத் தெரியும்.

நூல் கணக்கையும் சொல்லவேணும், ஏனென்றால் விலை பேசும்போது இதை ஒருவரும் நினைப்பதில்லை. சாதாரணத் தையலில் ஒரு மீற்றர் தைக்க ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நூல் போகும். மூன்று நூல் ஓவர்லொக்கில் அதே ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 14 மீற்றர். “சும்மா ஓரம்தானே அடிக்கிறது, ஏன் இவ்வளவு?” என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். 2022 இல் நூல் விலை ஏறினபோது அம்மா முதல் செய்த வேலை, நாலு நூலில் இருந்து மூன்றுக்கு மாறினது. பருத்தித் துணியின் ஓரம் பிரியாமல் இருக்க மட்டும் என்றால் ஒரு ஊசியும் இரண்டு லூப்பரும் போதும். ரீசேட் மாதிரி இழுபடுகிற துணியில் இரண்டு துண்டை ஓவர்லொக்காலேயே பொருத்துவதென்றால்தான் இரண்டாவது ஊசியும் நாலாவது நூலும் வேணும். அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மிதி மெசின் பகலில் ஓடும், ஓவர்லொக் ஓடாது. கரண்ட் வருகிற நேரம் பார்த்து, அது நடுச்சாமம் என்றாலும், அம்மா எழும்பி அடிப்பா.

ஆனால் கரண்ட் வந்த பிறகும் ஒருமுறை மெசின் நின்றது. தையல் விட்டு விட்டு விழுந்தது, ஓரம் கடித்த மாதிரி வந்தது. திருத்துகிற அண்ணைக்குப் போன் எடுத்தால் “நாளைக்கு வாறன்” என்றவர். நாளைக்கு என்பது எட்டாம் நாள். அதற்குள் இரண்டு பேர் தங்கட துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் வந்து மூடியைத் திறந்து, பிறஷால் தூசைத் தட்டி, ஊசியை மாற்றி, ஒரு கத்தியையும் மாற்றினார். இருபது நிமிசம். அவர் வேலை தெரிந்தவர், கேட்ட காசும் நியாயமானதுதான். எனக்கு உறுத்தினது வேறு. என்ன பிழை என்று விளங்கப்படுத்தும்போது அவர் திரும்பினது அப்பாவின் பக்கம். “ஐயா, தூசு அடைஞ்சிருக்கு, ஊசியும் மழுங்கிட்டுது, ஒழுங்காத் துப்புரவாக்கச் சொல்லுங்கோ.” அப்பா மேசன் வேலை செய்கிறவர், அந்த மெசினைத் தொட்டதே கிடையாது. பெரிய மனிசர் மாதிரித் தலையை ஆட்டினார். அண்ணை போனதும் அம்மாவைப் பார்த்து, “என்னவாம் சொன்னவர்?” என்று கேட்டார்.

அன்றைக்குப் பின்னேரம் அலுமாரிக்கு மேலே இருந்த அந்தச் சின்னப் பெட்டியை இறக்கினோம். மெசின் வாங்கினபோது கூட வந்தது. உள்ளே ஒரு சாவணம், சின்ன ஸ்க்ரூ ட்ரைவர், பிறஷ், ஊசிகள், மாற்றுக் கத்தி ஒன்று. இங்கிலீசில் ஒரு கையேடு. அண்ணை செய்த வேலைக்கான சாமான் முழுக்க அந்தப் பெட்டிக்குள் பிரிக்காமல் இருந்தது. வீட்டு மெசினைச் செய்தவர்கள் அதை ஓட்டுகிறவர்தான் திறப்பார் என்று நினைத்துத்தான் இதையெல்லாம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எங்கட சட்டம்தான் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றினது. “ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?” என்று அப்பா பகிடியாகக் கேட்டார். கையேட்டை வாசித்து அம்மாவுக்குச் சொல்ல ஒரு ஆர்ட்ஸ் பிள்ளை காணும்.

இனி நாங்கள் இப்ப வீட்டில் செய்வதைச் சொல்லுறன்.

நூல் கோர்க்கிறதுதான் எல்லாருக்கும் பயம். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கு. எங்கட மெசினில் முதல் மேல் லூப்பர், பிறகு கீழ் லூப்பர், கடைசியாக ஊசிகள். நூல் போகிற வழியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறப் புள்ளி போட்டிருப்பார்கள், அதைப் பின்தொடர்ந்தால் சரி. லூப்பர் என்ற சொல்லே அம்மா பாவிப்பதில்லை. “பச்சை அறுந்திட்டுது, நீலம் இறுகியிருக்கு” என்றுதான் சொல்லுவா. கோர்க்கும்போது பாதம் உயர்த்தியிருக்க வேணும், அப்பதான் நூல் டென்சன் தட்டுகளுக்கு நடுவில் நல்லா இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ் லூப்பர் நூல் மட்டும் அறுந்தால், ஊசியில் இருக்கிற நூலை வெளியே எடுத்துவிட்டு, கீழ் லூப்பரைக் கோர்த்து, பிறகு ஊசியைக் கோர்க்க வேணும். ஊசி நூலை அப்படியே விட்டுக் கோர்த்தால் இரண்டும் சிக்கித் திரும்பத் திரும்ப அறும். ஒரு நூல் விடாமல் அறுந்துகொண்டே இருந்தால், மெசின் பழுது என்று முடிவெடுக்க முதல் இந்த ஒழுங்கைப் பாருங்கள்.

நிறம் மாற்றுவதற்கு முழுக்கக் கோர்க்கத் தேவையில்லை. பழைய நூலைக் கோனுக்குப் பக்கத்தில் வெட்டி, புது நூலை அதோடு முடிச்சுப் போட்டு மெதுவாக இழுத்தால் லூப்பர்களுக்குள்ளால் வந்துவிடும். ஊசிக் கண்ணுக்குள்ளால் மட்டும் முடிச்சு போகாது. அங்கே முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோர்க்க வேணும்.

டென்சன் சரியா என்று தெரிய, நாலு கோனும் நாலு நிறத்தில் போட்டு ஒரு பழைய துணியில் அடித்துப் பாருங்கள். இரண்டு லூப்பர் நூலும் துணியின் விளிம்பில் சரியாகச் சந்திக்க வேணும். மேல் லூப்பரின் நிறம் துணிக்கு அடியில் தெரிந்தால் அது தளர்ந்திருக்கு, அல்லது கீழ் லூப்பர் இறுகியிருக்கு. பொருத்தின இரண்டு துண்டையும் விரித்து இழுக்கும்போது ஏணிப்படி மாதிரி இடைவெளி தெரிந்தால் ஊசி நூல் தளர்வு. ஒரு நேரத்தில் ஒரு திருகியை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேணும். ரீசேட் துணி அலை அலையாக வந்தால் டென்சனைத் தொடவேண்டாம். அது துணியைத் தள்ளுகிற பற்களின் வேலை. அதற்கென்று தனித் திருகி ஒன்று இருக்கு, 1 இல் இருந்து மேலே கூட்டினால் அலை குறையும்.

ஊசி ஒரு சாமானே இல்லை என்று நினைக்கிறோம். சட்டைக்கு ஓட்டை வந்தாலும், தையல் விட்டு விழுந்தாலும், முதல் மாற்ற வேண்டியது ஊசி. எட்டுப் பத்து மணித்தியாலத் தையலுக்கு ஒருக்கா மாற்றச் சொல்லுவார்கள். சீசன் நேரத்தில் அது மூன்று நாள். தட்டையான பக்கம் பின்னால் இருக்க, முட்டும்வரை மேலே தள்ளி இறுக்க வேணும். இரண்டு ஊசி போட்டால் இடது ஊசி வலதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும், அது பிழை இல்லை. வாங்கும்போது கையேட்டில் இருக்கிற இலக்கத்தைக் காட்டி வாங்குங்கள். தொழிற்சாலை மெசின் ஊசி வேறு, வீட்டு மெசின் ஊசி வேறு.

கத்தி வெட்டுகிற மெசின் என்றபடியால் தூசு நிறைய. எங்கட வீட்டில் ஒவ்வொரு நாளும் வேலை முடிய, பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து பிறஷால் தட்டுவோம். வாயால் ஊதுவதில்லை, எச்சில் ஈரம் பட்டால் இரும்பு கறள் பிடிக்கும். எண்ணெய் என்றால் மெசின் எண்ணெய் மட்டும். கையேடு காட்டுகிற இடத்தில் ஒரு துளி, பிறகு பழைய துணியில் கொஞ்சம் ஓட்டி மிச்சத்தை உறிஞ்ச விடவேணும். சில மெசின்களுக்கு எண்ணெயே விடத் தேவையில்லை என்று கையேட்டில் இருக்கும், அதையும் பாருங்கள். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வழுக்கும், கொஞ்ச நாள் போனால் தூசோடு சேர்ந்து பசையாகி எல்லாவற்றையும் பிடித்துவிடும்.

கத்தி இரண்டு: அசைகிற மேல் கத்தி, அசையாத கீழ் கத்தி. பெரும்பாலான மெசின்களில் முதல் மழுங்குவது கீழ்க் கத்தி. ஓரம் கடித்த மாதிரி வந்தால் அதைத்தான் பார்க்க வேணும். ஒரு திருகாணியைத் தளர்த்தி எடுத்துப் புதுசைப் போட்டு, அதன் வெட்டும் முனை ஊசித் தட்டோடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்து இறுக்குவது. அவ்வளவுதான் வேலை. கத்தி நீண்ட காலம் இருக்க ஒரே வழி, குண்டூசியை அந்தப் பக்கமே விடாமல் இருப்பது. அம்மா குண்டூசியை ஓரத்தில் இருந்து ஒரு அங்குலம் உள்ளே, தையலுக்குச் சமாந்தரமாகத்தான் குத்துவா.

தையல் தொடங்குகிற, முடிகிற இடங்களில் ஓவர்லொக்கால் முன்னும் பின்னும் ஓடி இறுக்க ஏலாது. முடிவில் நூல் சங்கிலியைக் கொஞ்சம் நீட்டி விட்டு, மொட்டை ஊசியால் தையலுக்கு அடியில் செருகிவிட்டால் பிரியாது.

எல்லாவற்றையும் நாங்களே செய்வதில்லை. லூப்பரில் ஊசி அடித்து வளைந்தால், அல்லது லூப்பரும் ஊசியும் சந்திக்கிற நேரம் தவறினால், அது கண்ணாலும் கையாலும் மில்லிமீற்றர் கணக்கில் பார்க்கிற வேலை. மோட்டாரில் இருந்து எரிகிற மணம் வந்தாலும் அப்படித்தான். அதற்கு அந்த அண்ணைதான் வரவேணும். ஆனால் இப்ப போன் எடுக்கும்போது அம்மா “மெசின் ஓடேல்லை” என்று சொல்லுறதில்லை. “ஊசி மாத்திப் பாத்திட்டன், கத்தி நல்லம், கீழ் லூப்பர் ஊசியில முட்டுது போல, கையால சில்லைச் சுத்தேக்க ஒரு இடத்தில இறுகுது” என்று சொல்லுவா. போன தடவை அவர் தேவையான சாமானைக் கையோடு கொண்டு வந்தார். விளங்கப்படுத்தினதும் அம்மாவுக்குத்தான்.

இதை எங்கட வீட்டு விசயம் மட்டும் என்று விட ஏலாது. 1978 இல் கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் தொடங்கின காலத்தில் இருந்து இந்த நாட்டு ஆடைத் தொழிலில் மெசினுக்கு முன்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். போருக்குப் பிறகு வன்னியிலும் தொழிற்சாலைகள் வந்தன. பெரியம்மாவின் மகள் அப்படி ஒன்றில் ஓவர்லொக் ஒப்பரேட்டர். அவ சொன்னா, மெசின் நின்றால் கையை உயர்த்திவிட்டு இருக்க வேணுமாம். மெக்கானிக் வருவார். அவ வேலை செய்கிற லைனில் மெக்கானிக் எல்லாரும் ஆம்பிளையள். ஊசி மாற்றுகிறதுக்கும் காத்திருக்க வேணும், ஆனால் அந்த மணித்தியாலத்து ராக்கெட் குறைந்தால் கேள்வி கேட்பது அக்காவிடம். ஒரே மெசின். ஓட்டுகிறவருக்கு ஒரு சம்பளம், திறக்கிறவருக்கு அதைவிடக் கூடின சம்பளம். வீட்டில் பழகின சட்டம்தான் அங்கே பதவியாகவும் சம்பளமாகவும் மாறியிருக்கு.

கம்பஸில் பால்நிலை வேலைப் பிரிவினை பற்றிப் படித்தபோது நான் இதைத்தான் நினைத்தேன். அம்மாவுக்கு மெசின் தெரியாது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். குசினிக்குள் நின்றுகொண்டு விறாந்தையில் நான் அடிக்கிற சத்தத்தைக் கேட்டே, “பிள்ளை, ஊசி மழுங்கிட்டுது, நிப்பாட்டு” என்று சொல்லுவா. சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தொழில்நுட்ப அறிவு என்று ஒருவரும் சொல்லுறதில்லை, கைராசி, பழக்கம் என்றுதான் சொல்லுவார்கள். அதே பிழையை ஸ்க்ரூ ட்ரைவரோடு வந்து ஒருவர் சொன்னால் அது தொழில்நுட்பம். இந்தப் பெயர் வித்தியாசத்தில்தான் காசும் இருக்கிறது.

தையல் மெசின் குடுக்கிற திட்டங்கள் இப்பவும் நடக்கின்றன. அவற்றோடு வேலை செய்கிற நண்பர்கள் சிலர் இதை வாசிப்பீர்கள். பத்து வீட்டுக்குப் பத்து மெசின் குடுக்கும்போது, ஒரு ஓவர்லொக்கைப் பொதுவில் வைக்க வழி இருக்கா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு நாள் பயிற்சியைத் தையலுக்கு அல்லாமல் மெசினைத் திறந்து மூடுவதற்கு ஒதுக்குங்கள். கையேட்டை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் குடுக்கலாம், அதை நானே செய்து தாறன்.

மற்ற எல்லாருக்கும் சின்ன வேலைதான். உங்கட வீட்டில் ஒரு மெசின் இருந்தால், அதோடு வந்த பெட்டி எங்கே என்று இந்தக் கிழமை தேடுங்கள். அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, எங்கேயோ இருக்கும். எடுத்துத் திறந்து, மெசின் ஓட்டுகிறவரின் கையில் குடுங்கள்.